மூன்றாம் ஆண்டின் வாசல்: பெர்க்லி, யு.சி.எல்.ஏ. இடையே ஒரு நூற்றாண்டு

கலிபோர்னியாவில் ஊர்ப்பக்கத்துச் சமுதாயக் கல்லூரி ஒன்றில் இரண்டு ஆண்டு படித்து முடித்தவர், பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில் நேராக மாநிலப் பல்கலைக்கழகத்தில் போய்ச் சேரலாம். இப்படி நடுவில் வந்து சேர்பவர்களை அங்கே டிரான்ஸ்பர் மாணவர்கள் என்கிறார்கள். அவர்களில் பலர் கண் வைப்பது இரண்டு வளாகங்களின் மீது. ஒன்று சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் உள்ள பெர்க்லி. மற்றொன்று தெற்கே லாஸ் ஏஞ்சலஸில் உள்ள யு.சி.எல்.ஏ. இரண்டுக்கும் நடுவே சுமார் 600 கிலோமீட்டர் தூரம். ஆனால் இரண்டும் ஒரே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் உறுப்புகள். ஆட்சிக்குழு ஒன்று, விண்ணப்பப் படிவம் ஒன்று, கல்விக் கட்டணமும் ஒன்றுதான். ஏப்ரல் கடைசியில் இரண்டு இடத்திலிருந்தும் அனுமதி வந்துவிட்டால், ஜூன் 1-ஆம் தேதிக்குள் எதற்காவது சரி என்று சொல்லியாக வேண்டும். பதினெட்டு வயதில் பள்ளியிலிருந்து நேராக உள்ளே போக முடியாதவருக்கு, இருபது வயதில் நாட்டின் மிகச் சிறந்த இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமை கிடைப்பது சின்ன விஷயம் அல்ல. அந்த உரிமை உருவாக நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

பட்டப்படிப்பை இரண்டு பாதியாகப் பிரித்துப் பார்க்கும் எண்ணம் 19-ஆம் நூற்றாண்டின் அமெரிக்கக் கல்வியாளர்களிடம் தோன்றியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஹென்றி டாப்பன் போன்றவர்கள் ஜெர்மன் பல்கலைக்கழகங்களைக் கண்டு வியந்தவர்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் சொல்லித்தரப்படுவது உண்மையில் பள்ளிப் பாடத்தின் நீட்சிதான், ஆராய்ச்சி நடக்க வேண்டிய இடத்தில் அந்தச் சுமை எதற்கு என்பது அவர்கள் கேள்வி. சிகாகோப் பல்கலைக்கழகத்தின் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் 1890களில் தம் நிறுவனத்தையே கீழ்ப் பிரிவு, மேல் பிரிவு என்று பகுத்தார். அவருடைய ஊக்கத்தில் 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில், உயர்நிலைப் பள்ளியை ஒட்டியே, இன்றைய சமுதாயக் கல்லூரிகளின் முன்னோடியான ஒரு ஜூனியர் கல்லூரி தொடங்கியது. இன்றும் இயங்கிவரும் அரசு ஜூனியர் கல்லூரிகளில் மிகப் பழையது அதுவே.

இந்தச் சிந்தனையைப் பெர்க்லிக்குக் கொண்டுவந்தவர் அலெக்சிஸ் லாங்கே. மிச்சிகனில் படித்தவர், பெர்க்லியில் கல்வியியல் பள்ளியின் தலைவராக இருந்தவர். முதல் இரண்டு ஆண்டை ஊரூராகக் கொண்டுபோக வேண்டும் என்று அவர் ஓயாமல் வாதாடினார். இளைய மாணவர் கூட்டத்தை வெளியே நிறுத்திவிட்டுப் பல்கலைக்கழகம் பெரிய வேலைகளைப் பார்க்கலாம் என்ற ஆசை அன்றைய கல்வித் தலைவர்கள் பலருக்கு இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. டிரான்ஸ்பர் முறையின் விதையிலேயே இரண்டு நோக்கங்கள் கலந்திருந்தன. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வழி திறப்பது ஒன்று, பல்கலைக்கழகத்தைச் சிலருக்கென்று காப்பது மற்றொன்று. பிற்கால வரலாறு முழுதும் இவ்விரண்டின் இழுபறிதான்.

1907-இல் கலிபோர்னியச் சட்டமன்றம், உயர்நிலைப் பள்ளிகள் பன்னிரண்டாம் வகுப்புக்கு மேலும் இரண்டு ஆண்டுப் பாடம் நடத்தலாம் என்று சட்டம் இயற்றியது. அதைக் கொண்டுவந்தவர் செனட்டர் அந்தோணி கமினெட்டி. பின்னாளில் அமெரிக்கக் குடியேற்றத் துறையின் தலைவராகி, இந்தியத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதைத் தடுக்க முன்னணியில் நின்றவரும் இவரே. இவர் சட்டத்தால் உருவான கல்லூரிகளில் இன்று இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் ஏராளமாகப் படிக்கிறார்கள்.

அந்தச் சட்டத்தை முதலில் பயன்படுத்திக்கொண்டது ஃபிரெஸ்னோ. மாநிலத்தின் நடுவே, பழத்தோட்டங்கள் சூழ்ந்த ஊர். அங்கிருந்து சுமார் 200 மைல் சுற்றுவட்டாரத்தில் உயர்கல்வி நிறுவனமே இல்லை. பிள்ளையைப் பெர்க்லிக்கு அனுப்பினால் ரயில் செலவு, தங்கும் செலவு, சாப்பாட்டுச் செலவு எல்லாம் சேரும். பதினெட்டு வயதில் வீட்டை விட்டு அனுப்பப் பெற்றோருக்கு மனமும் வராது. பள்ளிக் கண்காணிப்பாளர் சார்லஸ் மெக்லேன் இதைக் கணக்கெடுத்து, லாங்கேயின் ஆதரவோடு 1910-இல் பள்ளியிலேயே கல்லூரி வகுப்பைத் தொடங்கினார். ஆரம்பத்தில் சேர்ந்தவர்கள் 28 பேர். 1917-இல் வந்த சட்டம் இத்தகைய வகுப்புகளுக்கு மாநிலப் பணத்தையும் மாவட்டப் பணத்தையும் தந்தது. 1921-இல் வந்த இன்னொரு சட்டம், பள்ளியோடு ஒட்டாமல் தனி ஜூனியர் கல்லூரி மாவட்டம் அமைத்துக்கொள்ள வழி செய்தது. அதன்பின் ஊருக்கு ஊர் கல்லூரிகள் முளைத்தன.

அதுவரை போகும் இடம் ஒன்றே ஒன்று, பெர்க்லி. தேர்ந்தெடுக்க இரண்டாவது வளாகம் இல்லை. அது எப்படி வந்தது என்பதுதான் இந்த வரலாற்றின் சுவையான பகுதி.

1868-இல் நிறுவப்பட்ட கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1873-இலிருந்து பெர்க்லியில் இயங்கியது. மாநிலத்தின் செல்வமும் அதிகாரமும் அப்போது வடக்கே சான் பிரான்சிஸ்கோவில் இருந்தன. ஆனால் ஆட்கள் தெற்கே பெருகிக்கொண்டிருந்தார்கள். 1920-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் லாஸ் ஏஞ்சலஸின் மக்கள்தொகை 5,76,673. சான் பிரான்சிஸ்கோவினுடையது 5,06,676. முதன்முறையாகத் தெற்கு நகரம் வடக்கு நகரத்தை முந்தியது. அவ்வளவு பெரிதாக வளர்ந்துவந்த நகரத்தில் 1919 வரை அரசுப் பல்கலைக்கழகம் கிடையாது. 1882-இல் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றுதான் இருந்தது. அதன் தலைவர் எர்னஸ்ட் கரோல் மூர். பல்கலைக்கழக ஆட்சிக்குழுவில் தென்பகுதியின் குரலாக இருந்தவர் பத்திரிகையாளர் எட்வர்ட் டிக்சன். இருவரும் சேர்ந்து, இந்தப் பயிற்சிக் கல்லூரியையே பல்கலைக்கழகத்தின் கிளையாக்கிவிடலாம் என்று திட்டமிட்டார்கள். வடக்கே எதிர்ப்பு பலமாக இருந்தது. மாநிலத்தின் பணம் இரண்டாகப் பிரிந்தால் பெர்க்லியின் தரம் போய்விடும் என்று அங்கே அஞ்சினார்கள்.

கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. 1919 மே 23-ஆம் தேதி ஆளுநர் வில்லியம் ஸ்டீபன்ஸ் கையெழுத்திட்ட சட்டத்தால் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தெற்குக் கிளை பிறந்தது. செப்டம்பரில் வெர்மான்ட் சாலை வளாகத்தில் வகுப்புகள் தொடங்கியபோது ஆசிரியப் பயிற்சிக்கு 1,250 பேர், கலை அறிவியல் படிப்புக்கு 250 பேர் இருந்தனர். அந்த 250 பேருக்கு அங்கே கிடைத்தது முதல் இரண்டு ஆண்டு மட்டுமே. பட்டம் வேண்டுமானால் மூட்டையைக் கட்டிக்கொண்டு பெர்க்லிக்குப் போக வேண்டும். இன்று ஆயிரக்கணக்கான டிரான்ஸ்பர் மாணவர்கள் வந்து சேர ஏங்கும் யு.சி.எல்.ஏ., தன் முதல் நாட்களில் தானே ஒரு ஜூனியர் கல்லூரியாக இருந்து, தன் மாணவர்களை வடக்கே அனுப்பிக்கொண்டிருந்தது.

மூரும் டிக்சனும் அதோடு நிற்கவில்லை. 1923-இல் மூன்றாம் ஆண்டும் அடுத்து நான்காம் ஆண்டும் அனுமதிக்கப்பட்டன. 1925-இல் கலை அறிவியல் கல்லூரியின் முதல் பட்டங்கள் அங்கேயே வழங்கப்பட்டன. 1927-இல் தெற்குக் கிளை என்ற பெயர் போய், லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் என்ற பெயர் வந்தது. வெர்மான்ட் சாலை இடம் போதாமல் மேற்கே வெஸ்ட்வுட் குன்றுகளில் புது வளாகம் கட்டினார்கள். நிலம் வாங்க லாஸ் ஏஞ்சலஸ், சான்டா மோனிகா, பெவர்லி ஹில்ஸ், வெனிஸ் ஆகிய நகரங்களின் மக்கள் வாக்களித்துக் கடன் பத்திரங்களுக்கு ஒப்புதல் தந்தார்கள். 1929-இல் ராய்ஸ் மண்டபம், நூலகம் உட்பட நான்கே முதன்மைக் கட்டடங்களுடன் வெஸ்ட்வுட்டில் வகுப்புகள் தொடங்கின.

காலியான வெர்மான்ட் சாலை வளாகம் என்னவாயிற்று? நகரக் கல்வி வாரியம் அதை எடுத்துக்கொண்டு, அதே 1929 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் ஜூனியர் கல்லூரியை அங்கே திறந்தது. இப்போதைய லாஸ் ஏஞ்சலஸ் சிட்டி கல்லூரி அதுதான். ஆசிரியர் பயிற்சிக்கென்று எழுப்பிய செங்கல் கட்டடங்களில் பத்தாண்டு பல்கலைக்கழகம் நடந்தது. அது கிளம்பிப் போனதும் அடுத்த தலைமுறை வந்து இரண்டு ஆண்டு படித்துவிட்டு, அதன் பின்னாலேயே வெஸ்ட்வுட்டுக்குப் போகத் தொடங்கியது. பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கிய ஆண்டும் அதே ஆண்டுதான். சான்டா மோனிகாவின் ஜூனியர் கல்லூரியும் 1929-இல்தான் பிறந்தது. வேலையில்லாத காலத்தில், கட்டணம் இல்லாமல், வீட்டுச் சாப்பாட்டோடு இரண்டு ஆண்டு கல்லூரி என்பது பல குடும்பங்களுக்கு ஒரே வழியாக இருந்தது.

அந்த வழியில் வந்தவர்களில் உலகறிந்தவர் ஜாக்கி ராபின்சன். பாசடீனாவில் கணவன் துணையில்லாமல் தாய் வீட்டுவேலை செய்து வளர்த்த ஐந்து பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. பாசடீனா ஜூனியர் கல்லூரியில் படித்தபோதே விளையாட்டில் பெயர் பெற்றுவிட்டதால், அவரை அழைக்கப் பல பல்கலைக்கழகங்கள் தயாராக இருந்தன. அவர் 1939-இல் யு.சி.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுத்ததற்கு வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது முக்கியமான காரணம். அங்கே நான்கு விளையாட்டுகளில் பல்கலைக்கழகச் சின்னம் பெற்ற முதல் மாணவர் ஆனார். 1941-இல் பட்டம் பெறாமலேயே வெளியேறினார். 1947-இல் அமெரிக்கப் பேஸ்பால் பெருங்கழகங்களில் இருந்த நிறத்தடையை உடைத்தார். தரவரிசையையும் புகழையும் தள்ளி வைத்துவிட்டு, குடும்பம் இருக்கும் இடத்தைப் பார்த்து வளாகத்தைத் தேர்ந்தெடுப்பது டிரான்ஸ்பர் மாணவர்களிடம் இன்றுவரை தொடர்கிறது.

இரண்டும் சமமான தேர்வாக அப்போது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1930களின் நடுப்பகுதி வரை யு.சி.எல்.ஏ.வில் முனைவர் பட்ட ஆய்வே கிடையாது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் கிளென் சீபோர்க், 1934-இல் யு.சி.எல்.ஏ.வில் இளநிலைப் பட்டம் வாங்கிவிட்டு ஆய்வுக்குப் பெர்க்லிக்குத்தான் போனார். பெர்க்லி மூத்த வளாகம், யு.சி.எல்.ஏ. தம்பி என்ற எண்ணம் ஆட்சிக்குழுவிலும் ஊழியர்களிடமும் ஊறிக் கிடந்தது.

இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய படைவீரர்களுக்கு 1944-ஆம் ஆண்டுச் சட்டம் படிப்புச் செலவைக் கொடுத்தது. வகுப்பறைகள் நிரம்பி வழிந்தன. அதன்பின் பிறந்த பெருந்தலைமுறை 1960களில் கல்லூரி வாசலுக்கு வந்துவிடும் என்பது யாவர்க்கும் தெரிந்திருந்தது. சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தொகுதிக்கு ஒரு கல்லூரி கேட்டார்கள். பல்கலைக்கழகத்தில் சேராமல் தனியே இயங்கிய மாநிலக் கல்லூரிகள் தாமும் முனைவர் பட்டம் தர வேண்டும் என்று கேட்டன. பல்கலைக்கழகம் அதை விட்டுத்தர மறுத்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரு திட்டம் வேண்டும் என்று 1959-இல் தீர்மானம் கொண்டுவந்தவர் பேக்கர்ஸ்ஃபீல்டு உறுப்பினர் டோரதி டோனஹோ. பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர் முன்னின்று பேரம் நடத்த, ஆக்சிடென்டல் கல்லூரித் தலைவர் ஆர்தர் கூன்ஸ் தலைமையிலான குழு அறிக்கை தயாரித்தது. 1960 ஏப்ரலில் ஆளுநர் பேட் பிரவுன் அதைச் சட்டமாக்கினார். கையெழுத்தாவதற்குச் சில வாரம் முன்பு டோனஹோ இறந்துவிட்டார். சட்டம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

பெருந்திட்டம் என்று அழைக்கப்படும் அந்த ஏற்பாடு, பள்ளி முடிக்கும் மாணவர்களில் எட்டில் ஒரு பங்கினரைப் பல்கலைக்கழகத்துக்கும், மூன்றில் ஒரு பங்கினரை மாநிலக் கல்லூரிகளுக்கும் உரியவர்களாக்கியது. அதற்கு முன்னால் இந்த வாசல்கள் இன்னும் அகலமாக இருந்தன. திட்டம் அவற்றைச் சுருக்கியது. மிஞ்சியவர்கள் எல்லாரும் ஜூனியர் கல்லூரிகளுக்குப் போகலாம், அங்கே யாருக்கும் மறுப்பு இல்லை. சுருக்கிய வாசலுக்கு ஈடாகத் தரப்பட்டதுதான் டிரான்ஸ்பர் வாக்குறுதி. பல்கலைக்கழகத்தின் இளநிலை மாணவர்களில் முதலிரண்டு ஆண்டினரின் பங்கு பாதிக்குச் சற்று மேல் இருந்தது. அதை 40 விழுக்காட்டளவுக்கு இறக்கி, மேலிரண்டு ஆண்டுகளை 60 ஆக்க வேண்டும் என்றது அறிக்கை.

இந்தக் கணக்கில்தான் முழு உயிரும் இருக்கிறது. நூறு மாணவர் உள்ள ஒரு வளாகத்தில் முதலிரண்டு ஆண்டுகளில் 40 பேர், மேலிரண்டு ஆண்டுகளில் 60 பேர் என்று வைத்துக்கொண்டால், அந்த 40 பேரும் குறையாமல் மேலே போனாலும் இன்னும் 20 இடம் காலியாக இருக்கும். அதை நிரப்ப வெளியிலிருந்து ஆள் வந்தே ஆக வேண்டும். இரண்டு முதலாமாண்டு மாணவருக்கு ஒரு டிரான்ஸ்பர் மாணவர் என்று இன்று சொல்லப்படும் விகிதம் இங்கிருந்து வந்தது. யாராவது படிப்பை விட்டுப் போனால்தான் வெளியாளுக்கு இடம் என்பது பல இடங்களில் உள்ள வழக்கம். கலிபோர்னியா அப்படிச் செய்யவில்லை. அந்த இடங்களை முன்கூட்டியே ஒதுக்கிவைத்தது. உயர்கல்வி வரலாற்றில் இதற்கு இணையான பொதுநலக் கணக்கு அரிது. கெர் அந்த ஆண்டு அக்டோபரில் டைம் இதழின் அட்டையில் இடம்பெற்றார்.

அதே 1960-இல், சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க் சான் ஹோசே நகர ஜூனியர் கல்லூரியை ஆராய்ந்து எழுதியவை வெளிவந்தன. பல்கலைக்கழகம் போகும் ஆசையோடு சேர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் போய்ச் சேர்வதில்லை என்பதை அவர் காட்டினார். ஆலோசகர்களும் தேர்வுகளும் மதிப்பெண்களும் சேர்ந்து, இது உனக்கு வேண்டாம், வேறு தொழிற்படிப்பைப் பார் என்று மெல்ல ஆசையைத் தணித்துவிடுகின்றன என்பது அவர் கண்டது. தோல்வியின் பழி அமைப்பின் மேல் விழாமல் மாணவர் மேலேயே விழுகிறது. இந்தக் குற்றச்சாட்டுக்கு அறுபது ஆண்டுகளில் முழுமையான மறுப்பு வரவில்லை. இரண்டு அனுமதிக் கடிதங்களை வைத்துக்கொண்டு யோசிக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் பின்னால், விண்ணப்பிக்கும் கட்டத்துக்கே வர முடியாத பலர் இருக்கிறார்கள்.

யு.சி.எல்.ஏ. சமநிலையை எட்டியது 1960களில். கான்சஸிலிருந்து வந்து 1960-இல் அதன் சான்சலராகப் பொறுப்பேற்ற ஃபிராங்க்ளின் மர்ஃபி, பெர்க்லியின் நிழலில் இருக்க மறுத்தார். வளாகத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகளை எடுப்பவர்கள் அதுவரை கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் என்று பொதுப்படச் சொல்லிவந்தார்கள், இனி யு.சி.எல்.ஏ. என்று சொல்லுங்கள் என்று உத்தரவு போட்டார். கேட்கச் சின்னதாகத் தோன்றும், ஆனால் தலைமையகத்துக்கு அது உறைத்தது. நூலகத்தைப் பெர்க்லிக்கு நிகராக வளர்க்கப் பணம் கேட்டு வாங்கினார். மருத்துவப் பள்ளியும் கலைத்துறைகளும் வளர்ந்தன. அவர் 1968-இல் விடைபெற்றபோது, வேண்டுமென்றே தெற்கைத் தேர்ந்தெடுக்க ஒரு மாணவருக்குப் படிப்பு சார்ந்த காரணங்கள் நிறையவே இருந்தன.

அந்தப் பத்தாண்டில் எடுத்த இன்னொரு முடிவு டிரான்ஸ்பர் மாணவர்களின் அன்றாடத்தையே இன்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. பெருகும் மாணவர்களை ஆண்டு முழுவதும் கட்டடங்களில் வைத்துக்கொள்ள வசதியாக, பல்கலைக்கழகம் 1966-இல் செமஸ்டரைக் கைவிட்டுக் குவார்ட்டர் முறைக்கு மாறியது. பெர்க்லி அதில் நிறைவடையாமல் 1983-இல் செமஸ்டருக்கே திரும்பியது. யு.சி.எல்.ஏ. குவார்ட்டரிலேயே நின்றுவிட்டது. இதன் விளைவாக, இரண்டு ஆண்டு மட்டுமே கையில் உள்ள மாணவருக்குப் பெர்க்லியில் நான்கு நீண்ட பருவங்கள் கிடைக்கின்றன, யு.சி.எல்.ஏ.வில் பத்துப் பத்து வாரமாக ஆறு பருவங்கள். பெரும்பாலான சமுதாயக் கல்லூரிகள் செமஸ்டரில் இயங்குவதால், அங்கே பழகிய நடைக்குப் பெர்க்லி ஒத்துவரும். யு.சி.எல்.ஏ.வில் செப்டம்பர் இறுதியில் வகுப்பு தொடங்கி, நூலகம் எங்கே என்று தெரிந்துகொள்வதற்குள் பருவ நடுத் தேர்வு வந்துவிடும். புது இடத்துக்கு வந்த முதல் பருவத்தில் டிரான்ஸ்பர் மாணவர்களின் மதிப்பெண் சரிவது கல்வி ஆய்வாளர்கள் 1960களிலேயே பதிவு செய்த ஒன்று. பத்து வாரப் பருவத்தில் அந்தச் சரிவைச் சரிக்கட்ட அவகாசம் குறைவு. மறுபக்கம், விதவிதமான பாடங்களை எடுத்துப் பார்க்க ஆறு பருவங்கள் நல்ல வாய்ப்பு. குவார்ட்டர் முறையில் நடக்கும் டி ஆன்சா போன்ற சமுதாயக் கல்லூரிகளிலிருந்து வருபவர்களுக்கு இந்த வேகம் புதிதும் அல்ல.

1970களில் வாக்குறுதி தளர்ந்தது. 1978-இல் மக்கள் வாக்கெடுப்பில் வென்ற 13-ஆம் முன்மொழிவு சொத்துவரிக்கு உச்சவரம்பு கட்டியது. சமுதாயக் கல்லூரிகள் அந்த வரியை நம்பியிருந்தவை. தலைமுறைகளாக மாநிலத்தாருக்குக் கல்விக் கட்டணம் இல்லாமல் நடந்த அந்தக் கல்லூரிகளில் 1984-இல் முதன்முறையாகக் கட்டணம் வந்தது, ஒரு யூனிட்டுக்கு 5 டாலர். 2012 கோடையிலிருந்து அது 46 டாலர். பல்கலைக்கழகத்துக்கு மாறுவோர் எண்ணிக்கையும் அந்தக் காலத்தில் சரிந்தது.

சரிவைக் கண்ட சட்டமன்றமும் பல்கலைக்கழகமும் 1980களின் நடுவில் செய்த சில வேலைகளால்தான் இன்றைய தேர்வு முறை உருவானது. முதலாவது, பாட ஒப்பீடு. சமுதாயக் கல்லூரியில் படித்த எந்தப் பாடம், எந்த வளாகத்தின் எந்தப் பாடத்துக்குச் சமம் என்பது அதுவரை கல்லூரிக்குக் கல்லூரி காகிதத்தில் கிடந்த ஒப்பந்தம். 1985-இல் தொடங்கிய அசிஸ்ட் என்ற கணினித் தொகுப்பு அவற்றை ஒரே இடத்தில் கொண்டுவந்தது. ஒரு பொறியியல் மாணவர் அதைத் திறந்து பார்த்தால் தம் கணிதத் தாள்கள் வடக்கே எப்படி எண்ணப்படும், தெற்கே எப்படி எண்ணப்படும் என்பது தெரியும். பெர்க்லி தன் தொடக்கக் கணிதத்தை நான்கு செமஸ்டர் தாள்களாக வைத்திருக்கிறது, யு.சி.எல்.ஏ. ஏறக்குறைய அதே பாடத்தை ஆறு குவார்ட்டர் தாள்களாகப் பிரித்திருக்கிறது. சமுதாயக் கல்லூரியின் ஒரு தாள் ஒரு பக்கம் முழுமையாகப் பொருந்தும். மறுபக்கம் இரண்டு தாளைச் சேர்த்துப் படித்தால்தான் செல்லும். இரண்டு வளாகத்துக்கும் ஒரே சமயத்தில் தயாராகும் மாணவர், இதனாலேயே கூடுதல் தாள்கள் எடுக்க நேரும். ஆனால் சமுதாயக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகம் ஏற்கும் யூனிட்டுக்கு 70 செமஸ்டர் யூனிட் என்ற வரம்பும் உண்டு. இரண்டு வாசலையும் திறந்து வைத்துக்கொள்வதற்கு விலை இருக்கிறது, அதை மாணவரே கொடுக்கிறார்.

இரண்டாவது மாற்றம் இன்னும் அடிப்படையானது. 1986 வரை ஒருவர் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகத்துக்கு மட்டுமே விண்ணப்பிக்க முடியும். அங்கே இடமில்லையென்றால் விண்ணப்பம் வேறொரு வளாகத்துக்குத் திருப்பி அனுப்பப்படும். 1986-ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து ஒரே படிவத்தில் பல வளாகங்களைக் கேட்கலாம் என்றானது. இரண்டு அனுமதிகளை எதிரெதிரே வைத்துப் பார்க்கும் இன்றைய நிலைமைக்கு வயது ஏறத்தாழ நாற்பதுதான். அதற்கு முன்னால் தேர்வு நவம்பரில், எது கிடைக்கும் என்று தெரியாத இருட்டில் நடந்தது.

மூன்றாவது, பொதுப்பாடங்கள். 1991-இல் வந்த ஒரு பொதுப்பாடத் தொகுப்பைச் சமுதாயக் கல்லூரியிலேயே முடித்துவிட்டால், மாநிலப் பல்கலைக்கழகங்கள் அதை அப்படியே ஏற்கும் என்றானது. 1996-இல் 209-ஆம் முன்மொழிவு சேர்க்கையில் இனம் பார்ப்பதைத் தடை செய்தபின், பின்தங்கிய சமூகத்து மாணவர்கள் வளாகத்துக்கு வரும் முக்கியமான பாதையாக டிரான்ஸ்பர் முறையைப் பல்கலைக்கழகம் மீண்டும் கவனித்தது.

அனுமதி பெறும் வாய்ப்பில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அண்மை ஆண்டுகளில் ஒவ்வொன்றிலும் விண்ணப்பித்த டிரான்ஸ்பர் மாணவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இடம் கிடைக்கிறது. பள்ளியிலிருந்து நேராக வருபவர்களுக்கு அது பத்தில் ஒருவர் அளவில்தான். ஆனால் உள்ளே நுழையும் விதம் வேறு. யு.சி.எல்.ஏ. 1980களிலிருந்து சில சமுதாயக் கல்லூரிகளின் சிறப்புப் பாடத்திட்டங்களோடு கூட்டணி வைத்து, அவற்றை முடித்தவர்களுக்கு முன்னுரிமை தருகிறது. பெர்க்லியில் அதற்கு நேரான ஏற்பாடு இல்லை. வணிகவியல் வேண்டுபவருக்குப் பெர்க்லியின் ஹாஸ் பள்ளி இளநிலையிலேயே பட்டம் தருகிறது, யு.சி.எல்.ஏ.வில் வணிகப் பொருளாதாரம்தான் உண்டு. திரைப்படம் படிக்க வேண்டுமென்றால் தெற்கே போவதே பொருத்தம், ஹாலிவுட் பக்கத்தில் இருக்கிறது. வேதியியலுக்குப் பெர்க்லி தனிக் கல்லூரியே வைத்திருக்கிறது.

இவற்றைவிடக் கடுமையாக மாணவரை நெருக்குவது வாடகை. இரண்டு நகரங்களும் நாட்டிலேயே வீட்டு வாடகை மிக அதிகமான பகுதிகளில் உள்ளவை. டிரான்ஸ்பர் மாணவர்களில் வயதில் மூத்தவர்கள், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள், குழந்தை உள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிகம். விடுதிகளோ காலங்காலமாக முதலாமாண்டுப் பிள்ளைகளை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. யு.சி.எல்.ஏ. 2022 முதல் பள்ளியிலிருந்து வருபவர்களுக்கு நான்கு ஆண்டும் டிரான்ஸ்பர் மாணவர்களுக்கு இரண்டு ஆண்டும் விடுதி உறுதி என்று அறிவித்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழக வளாகங்களில் இப்படிச் செய்தது அதுவே முதல். பெர்க்லியில் 2024-இல் ஹெலன் டில்லர் ஆங்கர் ஹவுஸ் திறக்கப்பட்டது. 772 படுக்கைகள் கொண்ட அது, டிரான்ஸ்பர் மாணவர்களுக்கென்றே கட்டிய விடுதி. 1910-இல் ஃபிரெஸ்னோப் பெற்றோர் போட்ட கணக்கில் தங்கும் செலவு பெரியதாக இருந்தது. அந்தச் செலவைப் பல்கலைக்கழகங்கள் தம் பொறுப்பாக ஏற்கத் தொடங்கியதே மிக அண்மையில்தான்.

தீராத குறை ஒன்று இன்னும் உண்டு. தகுதிகளை நிறைவு செய்தால் இடம் உறுதி என்ற ஒப்பந்தத்தைப் பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள் சமுதாயக் கல்லூரி மாணவர்களோடு செய்துகொள்கின்றன. பெர்க்லி, யு.சி.எல்.ஏ., சான் டியேகோ மூன்றும் செய்வதில்லை. 2010-ஆம் ஆண்டுச் சட்டம், இரண்டாண்டுப் பட்டயத்தில் ஒரு தனி வகையை உருவாக்கி, அதை முடித்தவர்களுக்கு, முந்தைய மாநிலக் கல்லூரிகளின் தொகுப்பான கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இடத்தை உறுதி செய்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தை அது கட்டுப்படுத்தவில்லை. 1879-ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பு அதற்குத் தன்னாட்சி தந்திருப்பதால், சட்டமன்றம் கேட்டுக்கொள்ளலாம், நிதியைக் காட்டி அழுத்தம் தரலாம், நேரடியாக உத்தரவிடுவது கடினம். 2015-இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன், நிதி ஒப்பந்தத்தின் வழியேதான் இரண்டுக்கு ஒன்று என்ற பழைய விகிதத்துக்குப் பல்கலைக்கழகத்தை மீண்டும் ஒப்புக்கொள்ள வைத்தார்.

2021-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பொதுப்பாடத் தொகுப்பு இரண்டு பல்கலைக்கழக அமைப்புகளுக்கும் ஒன்றே என்றாகி, 2025 இலையுதிர்ப் பருவத்தில் நடைமுறைக்கு வந்தது. 2023-இல் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்ட சட்டம் யு.சி.எல்.ஏ.வை முன்னோடியாக நிறுத்தியது. 2026-27 கல்வியாண்டு முதல், குறைந்தது எட்டுப் பாடப்பிரிவுகளில், அந்தத் தனி வகைப் பட்டயம் பெற்றவர்களுக்கு யு.சி.எல்.ஏ. முன்னுரிமை தர வேண்டும். அங்கே இடம் கிடைக்காதவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் வேறொரு வளாகத்தில் சேரும் வழி காட்டப்பட வேண்டும். 2028-29-க்குள் பாடப்பிரிவுகள் குறைந்தது பன்னிரண்டாகும். திட்டம் வேறு சில வளாகங்களுக்கும் விரியும்.